வார்பரின் அளவு மிஞ்சும்போது: முதல் மணித்தியாலத்திலிருந்து மீண்டும் மருந்து தொடங்கும் நாள் வரை

என் பெரியம்மாவுக்கு இருதயத்தின் மைட்ரல் வால்வை மாற்றி உலோக வால்வு பொருத்தியிருந்தார்கள். அதற்காக அவர் பல ஆண்டுகளாக, குருதி உறைவதைத் தடுக்கும் வார்பரின் குளிசை எடுத்துவந்தார். ஒவ்வொரு நாளும் இரவுச் சாப்பாட்டுக்கு முன் 1 மில்லிகிராம் குளிசை மூன்று. ஒருமுறை மருந்து மாறிக் கொடுக்கப்பட்டது. அட்டையில் 3 மில்லிகிராம் என்று தெளிவாகவே அச்சிட்டிருந்தது. ஆனால் அவருக்கு மனதில் நின்றது மூன்று என்ற எண்ணிக்கைதான். ஐந்து நாட்கள் தொடர்ந்து மூன்று குளிசை, அதாவது நாளொன்றுக்கு 9 மில்லிகிராம் எடுத்துவிட்டார். மூன்றாம் நாள் நான் போயிருந்தபோது பழைய அட்டையையும் புதிய அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்திருந்தால் அன்றே பிடித்திருக்கலாம். நான் பார்க்கவில்லை. ஆறாம் நாள் காலை பல் தீட்டும்போது முரசிலிருந்து வந்த இரத்தம் நிற்கவில்லை. சிறுநீர் தேயிலைச் சாயம் போல இருந்தது. "மூண்டு குளிசை எண்டுதானே பிள்ளை சொன்னவை, நான் ஒரு நாளும் பிழையா எடுக்கேல்லை" என்று வைத்தியசாலைக் கட்டிலில் இருந்து அவர் சொன்னது இன்னும் என் காதில் நிற்கிறது. அன்று அவருடைய ஐ.என்.ஆர்., அதாவது குருதி உறைவது எவ்வளவு தாமதமாகிறது என்பதைக் காட்டும் பரிசோதனை அளவு, 9 ஐத் தாண்டியிருந்தது. அவர் பிழைத்துக்கொண்டார்.

குருதி உறைவதைத் தடுக்கும் மருந்து ஒன்றின் அளவு மிஞ்சிவிட்டால், அல்லது மிஞ்சியிருக்குமோ என்ற ஐயம் எழுந்தால், யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டில் இருப்பவர்கள் எந்த ஒழுங்கில் என்ன செய்ய வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன். இது வைத்தியரின் ஆலோசனைக்கு மாற்று அல்ல. வைத்தியரிடம் நேரத்தோடு, சரியான தகவலோடு போய்ச் சேர்வதற்கான வழி. இப்போது குருதி வடிந்துகொண்டிருக்கும் ஒருவரையோ, தலையில் அடிபட்ட ஒருவரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு இதை வாசிப்பவர்கள் வாசிப்பை நிறுத்தி 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். மிகுதியைப் பிறகு வாசிக்கலாம்.

முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது: ஆபத்து பிந்தி வரும்

வார்பரின் குருதியைத் தண்ணீராக்குவதில்லை. "இரத்தம் கரைக்கிற குளிசை" என்று நாம் சொல்வது வழக்கு மட்டுமே. ஈரலில், விற்றமின் கே யின் துணையோடு, குருதி உறைவதற்குத் தேவையான காரணிகள் சில உருவாகின்றன. இரண்டாம், ஏழாம், ஒன்பதாம், பத்தாம் காரணிகள் என்று அவற்றைக் குறிப்பிடுவர். வார்பரின் அந்த உற்பத்தியைத் தடுக்கிறது. ஆனால் முன்பே உருவாகிக் குருதியில் ஓடிக்கொண்டிருக்கும் காரணிகளை அது தொடுவதில்லை. ஏழாம் காரணி சில மணித்தியாலங்களில் குறைந்துவிடும். இரண்டாம் காரணி குறைவதற்கு இரண்டு மூன்று நாட்கள் செல்லும். கிணற்றுக்கு வரும் ஊற்றை அடைத்துவிட்டாலும் இருக்கிற தண்ணீர் இறைத்து முடியும் வரை குறை தெரியாதது போன்றது இது. ஆகவே இன்று கூடுதலாக விழுங்கிய குளிசையின் முழு விளைவு நாளை மறுநாளோ, அதற்கடுத்த நாளோதான் வெளிப்படும். வார்பரின் உடலில் பாதியாகக் குறைவதற்கே சுமார் 40 மணித்தியாலம் தேவை என்பதால், தொடங்கிய விளைவு பல நாட்கள் நீடிக்கவும் கூடும்.

இந்த ஒரு உண்மையை வீட்டில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும் என்பது என் ஆழ்ந்த விருப்பம். "நேற்று இரண்டு தரம் குடித்துவிட்டேன், ஒன்றும் செய்யவில்லை" என்ற ஆறுதல் வார்பரின் விடயத்தில் பொய்யான ஆறுதல். முதல் நாள் எடுத்த குருதிப் பரிசோதனை சரியாக இருந்தாலும் அதை வைத்து ஆபத்து நீங்கிவிட்டது என்று முடிவுகட்ட முடியாது.

இந்த மருந்தின் வரலாறும் இதையே காட்டுகிறது. 1920களில் வட அமெரிக்காவில், பூஞ்சணம் பிடித்த இனிப்புக் குளோவர்ப் புல்லைத் தின்ற மாடுகள் சிறு காயத்திலிருந்தே குருதி வடிந்து இறந்தன. விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் போல் லிங்க் என்பவரின் குழு அதற்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்தது. அந்த வழியில் உருவாக்கப்பட்ட வார்பரின் 1948 இல் எலிகளைக் கொல்லும் மருந்தாகவே விற்பனைக்கு வந்தது. 1954 இல்தான் மனிதருக்கான மருந்தாக அங்கீகாரம் பெற்றது. எலி உடனே சாகாமல் சில நாட்கள் கழித்துச் சாவதும் நான் மேலே சொன்ன அதே காரணத்தினால்தான். இடையில் 1951 இல் அமெரிக்கப் படையில் சேர்ந்திருந்த ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தில் இந்த எலி மருந்தை உண்டார். அவர் விற்றமின் கே கொடுக்கப்பட்டு முழுமையாகக் குணமடைந்தார். அளவு மிஞ்சினாலும் மீட்க முடியும் என்ற நம்பிக்கைக்கு அந்தச் சம்பவமும் ஒரு காரணம்.

முதலாம் படி: எது, எவ்வளவு, எப்போது

பதற்றத்தில் பலர் தவறவிடுவது இதைத்தான். எடுத்த மருந்தின் பெயர், ஒரு குளிசையில் எத்தனை மில்லிகிராம், எத்தனை குளிசை, எத்தனை மணிக்கு, எத்தனை நாளாக என்பவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். குளிசை அட்டையையும் போத்தலையும் கடைசியாக மருந்து தந்த துண்டையும் கிளினிக் கொப்பியையும் ஒரே பையில் போடுங்கள். வார்பரின் குளிசைகளின் நிறத்தை நம்ப வேண்டாம். சில நாடுகளில் 1, 3, 5 மில்லிகிராம் குளிசைகளுக்கு நிலையான நிறங்கள் இருந்தாலும், உற்பத்தி செய்யும் நிறுவனத்துக்கு நிறுவனம் நிறம் மாறுவது உண்டு. லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ வந்த உறவினர் கொண்டுவந்து தந்த போத்தலும் இங்கே பாமசியில் வாங்கிய அட்டையும் ஒரே வீட்டில் கலந்து கிடப்பது நம்மிடையே சாதாரணம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். பெயரையும் மில்லிகிராமையும் எழுத்தில் வாசித்தே உறுதிப்படுத்த வேண்டும்.

"இரத்தம் கரைக்கிற குளிசை" என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வகை மருந்துகள் அடங்குகின்றன என்பதையும் இங்கே பிரித்தறிய வேண்டும். அஸ்பிரின், குளோபிடோகிரல் என்பவை குருதிச் சிறுதட்டுகள் (பிளேட்லெட்) ஒட்டுவதைக் குறைப்பவை. வார்பரின் மேலே சொன்னது. ரிவரொக்சபான், அபிக்சபான், டபிகட்ரான் என்பவை புதிய வகை. இவற்றில் எது மிஞ்சியது என்பதைப் பொறுத்துச் சிகிச்சையும் பரிசோதனையும் மாறும். ஆகவே "இரத்தம் கரைக்கிறது கூடிப்போச்சு" என்று மட்டும் வைத்தியரிடம் சொல்வது போதாது.

வழமையாக வார்பரின் எடுக்கும் ஒருவர் மறதியால் ஒரே நாளில் இரண்டாம் முறை தன் வழமையான அளவை எடுத்துவிட்டால், குருதி வடியும் அறிகுறி எதுவும் இல்லாவிட்டால், அது பெரும்பாலும் உயிராபத்தில் முடிவதில்லை. ஆனாலும் அன்றே, அல்லது இரவாயின் மறுநாள் காலையிலேயே கிளினிக்குடனோ வைத்தியருடனோ பேச வேண்டும். அடுத்த வேளையை எடுப்பதா விடுவதா, எந்த நாளில் ஐ.என்.ஆர். பார்ப்பது என்பதை அவர்களே தீர்மானிக்க வேண்டும். என் பெரியம்மாவைப் போல நாட்கணக்காகக் கூடிய அளவு எடுத்தவர், பல குளிசைகளை ஒன்றாக விழுங்கியவர், வார்பரின் எடுக்கும் வழக்கமே இல்லாதிருந்து விழுங்கியவர், சிறுபிள்ளை ஆகிய நால்வரும் அறிகுறிக்குக் காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டியவர்கள்.

இரண்டாம் படி: குருதி எங்கே கசிகிறது என்று தேடுதல்

வெளியே தெரியும் குருதியைவிட உள்ளே கசியும் குருதி கொடியது. நல்ல வெளிச்சத்தில் நோயாளியை இருத்தி, மேலிருந்து கீழாகப் பாருங்கள். முரசு, மூக்கு, கண்ணின் வெண்பகுதி. கைகால்களிலும் முதுகிலும் இடுப்பிலும் காரணம் தெரியாமல் கண்டிப்போன நீல அடையாளங்கள். ஊசி போட்ட இடத்தில் வீக்கம். சிறுநீர் சிவப்பாக அல்லது கடுந்தேயிலை நிறத்தில் போகிறதா என்று கேளுங்கள். மலம் தார் போலக் கறுத்து, ஒட்டும் தன்மையுடன், கடும் நாற்றத்துடன் போனால் அது வயிற்றுக்குள் குருதி வடிவதன் அடையாளம். இரும்புச்சத்துக் குளிசை எடுப்பவர்களுக்கும் மலம் கறுக்கும், பீற்றூட் சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீர் சிவக்கும். ஆனால் வார்பரின் எடுப்பவரிடம் அந்த விளக்கத்தை நீங்களாக ஏற்றுக்கொள்ள வேண்டாம். பெண்களிடம் மாதவிடாய் வழமையைவிட அதிகமாகவோ நீண்டோ போகிறதா என்று தயக்கமின்றிக் கேட்க வேண்டும். நம் வீடுகளில் ஆண்பிள்ளைகள் துணைக்கு நிற்கும்போது இந்த ஒரு கேள்வி கேட்கப்படாமலே போய்விடுகிறது.

வழமையில்லாத கடும் தலையிடி, சத்தி, தடுமாற்றம், ஒரு பக்கக் கைகால் சோர்வு, பேச்சுக் குழறல், வழமைக்கு மாறான தூக்கம் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் மூளைக்குள் குருதி கசிவதாகவே எண்ணி நடக்க வேண்டும். திடீரென்று கடுமையாகும் வயிற்றுவலியோ முதுகுவலியோ, மயக்கம், முகம் வெளிறிக் குளிர்ந்து வியர்த்தல் என்பவையும் அவ்வாறே. கிணற்றடியில் வழுக்கி விழுந்தவர், சைக்கிளிலிருந்து விழுந்தவர், நிலைப்படியில் தலையை இடித்தவர் எவராயினும் வார்பரின் எடுப்பவராக இருந்தால், வீக்கம்கூட இல்லாமல் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும், உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். இவர்களுக்கு மண்டையோட்டுக்குள் குருதி மெதுவாகச் சேர்ந்து, பல மணித்தியாலம் கழித்தே வெளிப்படுவது உண்டு. விழுந்த செய்தியைப் பிள்ளைகளிடம் மறைக்கும் பழக்கம் முதியவர்களிடம் இருக்கிறது. ஏச்சு விழும் என்ற பயம்தான் காரணம். அந்தப் பயத்தை முன்கூட்டியே நீக்கி வைப்பது வீட்டாரின் பொறுப்பு.

மூன்றாம் படி: போவது எங்கே, எப்படி

1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2018 ஜூலையிலிருந்து யாழ்ப்பாணத்திலும் இயங்குகிறது. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், கட்டணம் இல்லை. பெயர் சொல்லக்கூடிய வீதி, சந்தி, கோயில், பாடசாலை என்று அடையாளத்தைத் தெளிவாகச் சொல்லி, ஒருவரை வீதிக்கு அனுப்பி நிற்க வையுங்கள். குருதி வடியும் நோயாளியையோ மயங்கும் நோயாளியையோ மோட்டார் சைக்கிளில் நடுவில் இருத்திக் கொண்டுபோக வேண்டாம்.

கிராமத்துச் சிறிய வைத்தியசாலைகளில் முதலுதவி கிடைக்கும், ஆனால் ஐ.என்.ஆர். பரிசோதனை, சீ.ரி. ஸ்கான், குருதித் திரவவிழையம் (பிளாஸ்மா) என்பவை வேண்டுமென்றால் பெரும்பாலும் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கே அனுப்பப்படுவீர்கள். தெல்லிப்பழை, பருத்தித்துறை, சாவகச்சேரி போன்ற ஆதார வைத்தியசாலைகள் அருகில் உள்ளவர்கள், நிலைமை மோசமாக இருந்தால் முதலில் அங்கே போய் உயிரை நிலைப்படுத்திக்கொள்வதே சரி. தீவுப்பகுதியினருக்கு நான் சொல்வது வேறு. நெடுந்தீவிலோ நயினாதீவிலோ இருப்பவர் குறிகட்டுவானுக்குக் கடலைக் கடந்து, அதன்பின் தரைவழியாக யாழ்ப்பாணம் வர வேண்டும். அனலைதீவு, எழுவைதீவு மக்கள் ஊர்காவற்றுறைக்கு வர வேண்டும். இருட்டிய பின்போ கச்சான் காற்றுக் கடுமையாக வீசும் நாளிலோ குருதி வடியத் தொடங்கினால் அந்தப் பயணம் நோயாளிக்கும் கூட வருபவர்களுக்கும் பெரும் சோதனை. ஆகவே தீவில் இருப்பவர் அளவு மிஞ்சியது தெரிந்தவுடன், அறிகுறி எதுவும் இல்லாதபோதே, பகல் படகில் கிளம்பிவிட வேண்டும். மருந்தின் விளைவு இரண்டு மூன்று நாள் பிந்தி வருவது இங்கே நமக்குச் சாதகமானது. அந்த அவகாசத்தை வீட்டிலிருந்து கழித்துவிடக் கூடாது.

போய்ச் சேரும் வரை

அடுத்த வேளை வார்பரினை வைத்தியர் சொல்லும் வரை கொடுக்காதீர்கள். வெட்டுக்காயம் என்றால் சுத்தமான துணியை வைத்து, இடையில் எடுத்துப் பார்க்காமல் 10 முதல் 15 நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மூக்கால் குருதி வந்தால் தலையைப் பின்னால் சாய்க்க வேண்டாம். முன்னால் குனிந்து இருக்க வைத்து, மூக்கின் மென்மையான பகுதியை அதே அளவு நேரம் இறுக்கிப் பிடித்து, வாயால் மூச்சுவிடச் சொல்லுங்கள். தொண்டைக்குள் இறங்கும் குருதியை விழுங்காமல் துப்ப வேண்டும். கோப்பித்தூளையும் சுண்ணாம்பையும் காயத்தில் அப்புவதை விட்டுவிடுங்கள்.

சத்தி எடுக்க வைக்கக் கூடாது. உப்புத் தண்ணீர் பருக்குவதும் தொண்டைக்குள் விரல் விடுவதும் இரைப்பை வாயையும் உணவுக்குழாயையும் கிழித்து, இல்லாத குருதிக்கசிவை உண்டாக்கக்கூடும். வலிக்கு டிக்ளோபினாக், ஐபியுபுரோபன், மெபனமிக் அசிட், அஸ்பிரின் எதையும் கொடுக்க வேண்டாம். இவை வயிற்றின் உட்சுவரைப் புண்ணாக்குவதோடு சிறுதட்டுகளின் வேலையையும் கெடுப்பவை. "கீரையில் விற்றமின் கே இருக்கிறதாமே" என்று முருங்கையிலைச் சாற்றை அரைத்துக் கொடுத்து வீட்டிலேயே சமன் செய்யப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அதனால் அளவாகவோ வேகமாகவோ எதுவும் நடக்காது. பரிசோதனை முடிவுகள் குழம்புவதுதான் மிச்சம். இன்னொன்று: காயத்தோடு போகும் எவருக்கும் ஏற்புவலித் தடுப்பூசி போடப்படுவது வழக்கம். தசைக்குள் போடும் ஊசி இவர்களுக்குள்ளே பெரிய குருதிக்கட்டை உண்டாக்கக்கூடும் என்பதால், ஊசியைக் கையில் எடுக்கும் தாதியரிடம் "இவர் வார்பரின் எடுப்பவர்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வைத்தியசாலையில் நடப்பது

அங்கே முதலில் ஐ.என்.ஆர். பார்க்கப்படும். மருந்து எடுக்காத ஒருவருக்கு அது 1 அளவில் இருக்கும். இருதயத் துடிப்பு ஒழுங்கின்மைக்கும் கால் நாளக் குருதிக்கட்டுக்கும் வார்பரின் எடுப்பவருக்கு 2 முதல் 3 வரை, உலோக மைட்ரல் வால்வு உள்ளவருக்குப் பொதுவாக 2.5 முதல் 3.5 வரை இருக்கும்படி வைத்தியர்கள் பார்ப்பார்கள். 5 ஐத் தாண்டினால் குருதி வடியும் வாய்ப்பு வேகமாகக் கூடுகிறது. ஒரேயடியாகப் பல குளிசை விழுங்கியவர் ஒரு மணித்தியாலத்துக்குள் வந்துவிட்டால், குடலில் மருந்து உறிஞ்சப்படுவதைக் குறைக்கச் செயற்படுத்திய கரி கொடுக்கப்படலாம். முதல் முடிவு எப்படியிருந்தாலும் 24, 48 மணித்தியாலங்களில் மீண்டும் குருதி எடுப்பார்கள். "ஒருக்கா எடுத்ததுதானே" என்று கேட்டு, துண்டு வெட்டிக்கொண்டு வீடு திரும்புவதற்கு அவசரப்பட வேண்டாம். காரணத்தை மேலே சொல்லியிருக்கிறேன்.

குருதி வடியாமல், ஐ.என்.ஆர். 5 முதல் 8 வரை இருந்தால், பெரும்பாலும் ஓரிரு வேளை வார்பரினை நிறுத்தி, பின்னர் குறைந்த அளவில் தொடங்குவதே போதுமாயிருக்கும். அதற்கு மேல் போனால் வாய் வழியாகச் சிறிய அளவில் விற்றமின் கே கொடுப்பார்கள். பெரிய அளவில் குருதி வடிந்தால் அல்லது மூளைக்குள் கசிந்தால், நாளம் வழியாக மெதுவாக விற்றமின் கே ஏற்றுவதோடு, குறைந்துபோன காரணிகளை நேரடியாகக் கொடுக்கும் செறிவு மருந்தோ உறைநிலைத் திரவவிழையமோ ஏற்றப்படும். விற்றமின் கே ஏன் உடனே வேலை செய்வதில்லை என்று உறவினர்கள் கலங்குவதைப் பார்த்திருக்கிறேன். நாளம் வழியாகக் கொடுத்தாலும் ஈரல் புதிய காரணிகளைச் செய்து முடிக்க 6 மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். வாய் வழியாகக் கொடுத்தால் ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். திரவவிழையம் ஏற்றுவது அந்த இடைவெளியை நிரப்பத்தான். அதற்குக் குருதி வங்கியில் இருப்பு வேண்டும். அந்த இருப்பு நம்மில் யாரோ ஒருவர் முன்னதாகக் கொடுத்த குருதியிலிருந்து வந்தது.

உலோக வால்வு உள்ளவர்களுக்கு வைத்தியர் விற்றமின் கே யை மிகவும் தயங்கித் தயங்கி, சிறிய அளவில் கொடுப்பதைக் கவனிப்பீர்கள். அது அலட்சியம் அல்ல. கூடுதலாகக் கொடுத்தால் பிறகு பல நாட்களுக்கு வார்பரின் வேலை செய்யாது. அந்த நாட்களில் வால்வில் குருதி உறைந்து, வால்வு அடைபடவோ, கட்டி பறந்து மூளைக்குப் போய்ப் பக்கவாதம் உண்டாகவோ கூடும். பாமசியில் விற்றமின் கே வாங்கி வீட்டில் கொடுக்கக் கூடாது என்பதும் இதனால்தான்.

எலிமருந்து உட்கொண்டவர் என்றால் அதன் பெட்டியைக் கட்டாயம் கொண்டுபோங்கள். இன்று விற்கப்படும் எலிமருந்துகளில் புரோடிபகூம் போன்றவை வார்பரினின் இனத்தவையே; ஆனால் உடலில் வாரக்கணக்காக, சிலவேளை மாதக்கணக்காகத் தங்கும் என்பதால் விற்றமின் கே சிகிச்சையும் அவ்வளவு காலம் தொடர வேண்டியிருக்கும். வேறு சில எலிமருந்துகள் முற்றிலும் வேறுவகை நஞ்சுகள். கொழும்புத் தேசிய வைத்தியசாலையில் உள்ள தேசிய நஞ்சுத் தகவல் மையம் வைத்தியர்களுக்கு இவை பற்றிய வழிகாட்டலைத் தருகிறது. பெட்டியில் உள்ள பெயர் தெரிந்தால்தான் அது பயன்படும்.

தெரிந்தே விழுங்கியிருந்தால்

இதை ஒளித்து எழுத விருப்பமில்லை; நம் ஊரில் இது நடக்கிறது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தில் ஒருவர் குளிசைகளை விழுங்கினார் என்று தெரிந்தால், அல்லது அவ்வாறு ஐயப்பட்டால், அவரைத் தனியே விடாமல், ஏசாமல், காரணம் கேட்டு வதைக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். வெட்கத்தினால் "தவறுதலாகக் குடித்துவிட்டார்" என்று வைத்தியரிடம் மாற்றிச் சொல்லாதீர்கள். வார்பரினோடு வேறென்ன விழுங்கினார் என்று தேடும் தேவை உண்மை தெரிந்தால் மட்டுமே வைத்தியருக்கு எழும். பனடோல் சேர்த்து விழுங்கியிருந்தால் அதற்கான மாற்றுமருந்தை முதல் சில மணித்தியாலங்களுக்குள் கொடுத்தாக வேண்டும். இரண்டு நாள் வெளிப்பார்வைக்கு நன்றாக இருப்பது இவரையும் ஏமாற்றும், வீட்டாரையும் ஏமாற்றும். உடல் தேறிய பின் மனநல வைத்தியரைச் சந்திக்காமல் வீட்டுக்கு அழைத்து வர வேண்டாம். தேசிய மனநல உதவி இலக்கம் 1926. விழுங்குவதற்கு முன் அந்த எண்ணத்தோடு தவிப்பவரும் அதற்கு அழைக்கலாம்.

ஒரு குளிசையும் கூடாமல் அளவு மிஞ்சுவது

என் அனுபவத்தில், ஐ.என்.ஆர். எகிறி வருபவர்களில் பலர் கணக்குக்கு மேல் ஒரு குளிசையும் எடுத்திருப்பதில்லை. குளிசை அதே குளிசை. மாறியது அவர்களுடைய உடலும் உணவும் மற்ற மருந்துகளும்.

முதலாவது, வேறொரு நோய்க்காகத் தனியார் மருத்துவமனையிலோ பாமசியிலோ வாங்கிய மருந்து. வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோல், சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கும் கோட்ரைமொக்சசோல், சிப்ரோபுளொக்சசின், நெஞ்சுச் சளிக்குக் கொடுக்கும் எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், பூஞ்சணத் தொற்றுக்குக் கொடுக்கும் புளூகொனசோல், இருதயத் துடிப்புக்கான அமியோடரோன் ஆகியவை வார்பரினின் விளைவை நன்றாகவே கூட்டும். இவற்றைத் தவிர்க்க முடியாத நிலையும் வரும். அப்போது மூன்று முதல் ஐந்து நாட்களுக்குள் ஐ.என்.ஆர். பார்க்க ஏற்பாடு செய்ய வேண்டும். வலிக்கும் காய்ச்சலுக்கும் பனடோலே பாதுகாப்பானது. ஆயினும் ஒரு கிழமையாக நாளுக்கு நாலு குளிசை, ஆறு குளிசை என்று தொடர்ந்தால் அதுவும் ஐ.என்.ஆரைக் கூட்டும். மறுபக்கம், காசநோய்க்கான ரிபாம்பிசினும் வலிப்புக்கான கார்பமசெபினும் வார்பரினைப் பலமிழக்கச் செய்பவை. அவற்றுக்கு ஏற்றபடி வார்பரின் கூட்டப்பட்ட ஒருவர், அந்த மருந்துகள் முடிந்த பின்னும் கூட்டிய அளவையே எடுத்துக்கொண்டிருந்தால் சில வாரங்களில் குருதி வடியும் நிலைக்கு வந்துவிடுவார். இதைப் பலர் எதிர்பார்ப்பதே இல்லை.

இரண்டாவது, விரதம். ஐப்பசியில் கந்தசஷ்டி ஆறு நாளும் பாலும் பழமும் மட்டும் எடுத்து, சிலர் தண்ணீர் மட்டும் குடித்து விரதம் இருக்கிறார்கள். அந்த நாட்களில் உணவிலிருந்து வரும் விற்றமின் கே ஏறத்தாழ நின்றுவிடுகிறது. வார்பரின் மட்டும் தவறாமல் போகிறது. ஆறாம் நாள் சூரன்போர் பார்க்க வெயிலில் நிற்கும்போது அவருடைய ஐ.என்.ஆர். எங்கே நிற்கும் என்பதை நினைத்துப் பாருங்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களில் இது எதிர்த்திசையிலும் நடக்கலாம். மச்சம் விட்டு, வீட்டில் நாளும் கீரையும் வறையுமாகச் சமைக்கும்போது விற்றமின் கே கூடி, ஐ.என்.ஆர். இறங்கும், கிளினிக்கில் அதைப் பார்த்து மருந்தைக் கூட்டுவார்கள், திருவிழா முடிந்து கீரை குறைந்தவுடன் கூட்டிய மருந்து மிஞ்சிப்போகும். முருங்கையிலை, பொன்னாங்காணி, வல்லாரை, அகத்தி எதையும் விலக்கச் சொல்லவில்லை. வாரம்தோறும் ஏறத்தாழ ஒரே அளவில் சாப்பிட வேண்டும் என்பதே தேவை. விரதம் இருப்பவர் தொடங்க முன்பே கிளினிக்கில் சொல்லிவிட்டு இருக்கலாம். நம்பிக்கையை ஏளனம் செய்யாமல், அளவைச் சரிசெய்து தரும் வைத்தியர்கள் இங்கே இருக்கிறார்கள்.

மூன்றாவது, காய்ச்சல். மாரி மழையோடு நுளம்பு பெருகும் மாதங்களில் டெங்குக் காய்ச்சல் யாழ்ப்பாணத்தில் தவறாமல் தலைகாட்டுகிறது. டெங்கில் சிறுதட்டுகள் குறைகின்றன, சாப்பாடும் குறைகிறது, ஈரலும் தாக்கப்படுகிறது. இந்த மூன்றும் வார்பரினோடு சேர்ந்தால் என்ன நடக்கும் என்று விளக்கத் தேவையில்லை. சாதாரண ஆள் இரண்டு மூன்று நாள் காய்ச்சலைப் பார்த்துவிட்டுக் குருதி பரிசோதிக்கலாம். வார்பரின் எடுப்பவர் முதல் நாளே போக வேண்டும். வயிற்றோட்டம், மஞ்சள்காமாலை, இருதயப் பலவீனத்தால் உடல் வீங்குதல் என்பவையும் ஐ.என்.ஆரைக் கூட்டுபவையே. ஒரே இருப்பில் அதிகமாக மது குடிப்பதும் அப்படியே. நாட்டு மருந்துச் சூரணங்களும், பூண்டு, இஞ்சி, மஞ்சள் ஆகியவற்றைச் செறிவாக்கி விற்கும் குளிசைகளும் எடுப்பவர்கள் அதையும் கொப்பியில் எழுதிவைக்க வேண்டும். கறிக்குப் போடும் பூண்டுக்கும் மஞ்சளுக்கும் பயப்படத் தேவையில்லை.

புதிய வகை மருந்துகள்

ரிவரொக்சபான், அபிக்சபான், டபிகட்ரான் என்பவற்றின் விளைவு சில மணித்தியாலங்களிலேயே உச்சத்துக்கு வந்து, சிறுநீரகம் நன்றாக இருந்தால் ஒன்றிரண்டு நாளில் தணிந்துவிடும். இங்கே காத்திருக்கும் அவகாசம் இல்லை. கூடுதலாக விழுங்கியது தெரிந்த உடனே போக வேண்டும். ஐ.என்.ஆர். பரிசோதனை இவற்றின் அளவைச் சரியாகக் காட்டாது, விற்றமின் கே யும் இவற்றுக்கு மாற்றுமருந்து ஆகாது. சிறுநீரகம் பழுதுபட்டவர்களில், சிறப்பாக டபிகட்ரான் எடுப்பவர்களில், வழமையான அளவே தேங்கி மிஞ்சிவிடும். கடைசி வேளை எத்தனை மணிக்கு எடுத்தது என்பது இம்மருந்துகளில் வைத்தியருக்கு மிகவும் தேவையான தகவல்.

வெளிநாட்டுப் பிள்ளை "அம்மா, இதுக்கு இரத்தம் குத்திப் பாக்கத் தேவையில்லை" என்று ரிவரொக்சபானைக் கொண்டுவந்து கொடுக்க, அம்மா அதையும் எடுத்து, கிளினிக் தரும் வார்பரினையும் எடுத்துக்கொண்டிருப்பது நான் கண்ணால் கண்ட விடயம். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறுவதற்கு ஒழுங்கு உண்டு. வார்பரினை நிறுத்தி, ஐ.என்.ஆர். குறிப்பிட்ட அளவுக்கு இறங்கிய பின்னரே புதியது தொடங்கப்படும். உலோக வால்வு உள்ளவர்களுக்கு இந்தப் புதிய மருந்துகள் பொருந்தவே மாட்டா. பிள்ளைகளின் அன்பை யாரும் குறைசொல்ல முடியாது. அந்தப் போத்தல் முதலில் கிளினிக் வைத்தியரின் மேசைக்குப் போகட்டும்.

மீண்டும் தொடங்குதல்

குருதி வடிந்து மீண்டவர்களின் வீட்டில் வார்பரின் மீது பயம் வந்துவிடுகிறது. "இனி இந்தக் குளிசையே வேண்டாம்" என்று நிறுத்திவிடுபவர்கள் உண்டு. உலோக வால்வு உள்ளவருக்கும், இருதயத் துடிப்பு ஒழுங்கற்றவருக்கும் அந்த முடிவு குருதி வடிந்ததைவிடப் பெரிய ஆபத்தாகலாம். எந்த நாளில், எத்தனை மில்லிகிராமில் மீண்டும் தொடங்குவது, அடுத்த ஐ.என்.ஆர். எந்தத் திகதியில் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்காமல் விடுதியை விட்டு வெளியேற வேண்டாம். தொடங்கிய முதல் இரண்டு மூன்று வாரங்களில் அடிக்கடி பரிசோதிக்க வேண்டியிருக்கும். அலைச்சலாக இருந்தாலும் அதைத் தவறவிடக் கூடாது.

பெரியம்மா வீட்டில் அதன்பின் நாங்கள் செய்த மாற்றங்கள் எளியவை. கொப்பியில் "3 குளிசை" என்று எழுதுவதை நிறுத்தி, "3 மில்லிகிராம்" என்றே எழுதினோம். புதிய அட்டை வந்தால் பழையது முடிந்து, மிச்சம் வீட்டை விட்டுப் போன பின்னரே அதைப் பிரித்தோம். குளிசை எடுக்கும் நேரத்தை மாலை 6 மணியாக வைத்தோம். காலையில் கிளினிக்கில் குருதி எடுத்து, பகலில் அளவை மாற்றிச் சொன்னால் அன்று மாலையே மாற்ற முடிந்தது. எடுத்தவுடன் சுவரில் தொங்கும் கலண்டரில் அந்தத் திகதியின் மேல் அவரே பேனையால் கோடு போடுவார். எடுத்தோமா இல்லையா என்ற ஐயம் வந்தால் கோட்டைப் பார்ப்பார். கோடு இல்லாமல் அந்த நாளும் கடந்துவிட்டால், விட்டதை விட்டதாகவே வைத்து, அடுத்த நாள் இரட்டிப்பாக எடுக்காமல், கொப்பியில் அந்தத் திகதிக்கு நேரே "எடுக்கவில்லை" என்று எழுதுவார்.